அப்கிரேடு முடிந்ததும் 'கிளீனிங்' செய்ய வருகிறவர்களிடம் உஷார்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் 11-க்கு மாறுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பீர்கள். மாறிய பிறகு வரும் சின்னக் கோளாறைப் பெரிய நோயாகக் காட்டிப் பணம் பிடுங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் நான் மாட்டியதை எழுதுகிறேன்.

அப்கிரேடு ஒழுங்காகத்தான் முடிந்தது. கோப்புகள், செயலிகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் எந்த பிரவுசரிலும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. வைஃபை இணைப்பு இருக்கிறது, பிங் செய்தால் (வேறொரு கணினியை எட்ட முடிகிறதா என்று சோதித்தால்) பதில் வருகிறது, பிரவுசர் மட்டும் ப்ராக்ஸி சர்வர் (நமக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர்) பதில் தரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. நேரில் வந்து சரிசெய்து தருவதாகச் சொன்ன ஒரு சர்வீஸ்காரரை அழைத்தேன்.

வந்தவர் அந்தப் பிழைச் செய்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக, கணினிக்குள் நடப்பதை விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, சிவப்பும் மஞ்சளுமாக வரிசையாக நின்ற பதிவுகளைக் காட்டினார். "பாருங்க சார், எல்லாமே வைரஸ். ரெஜிஸ்ட்ரி மொத்தமும் கெட்டுப்போச்சு." ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்பட்டிருக்கும் இடம். நல்ல நிலையில் இருக்கிற எந்தக் கணினியிலும் அந்தச் சிவப்புக் குறிகள் இருக்கும். அதிலும் அவர் திரும்பத் திரும்பச் சுட்டிய டிஸ்ட்ரிபியூட்டட்காம் 10016 என்ற பதிவை, வேலைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதிவைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரைக் காட்டிப் பயமுறுத்துவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. யாராவது அதை வைத்துப் பேச்சை ஆரம்பித்தால் அங்கேயே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் பென்டிரைவில் கொண்டுவந்த ஒரு ரெஜிஸ்ட்ரி கிளீனரை ஓட்டினார். இந்த வகை மென்பொருள்களை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதில்லை. அவற்றால் சிஸ்டத்தையே மறுபடி நிறுவ வேண்டிய நிலை வரலாம் என்றும் எச்சரிக்கிறது. ஒரு வருடச் சந்தா என்று ஒரு ஆப்டிமைசரையும் தலையில் கட்டினார். இடம் காலி செய்கிறேன் என்று விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை அழித்தார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் இந்தக் கடைசி விஷயத்தில்தான். பழைய சிஸ்டத்துக்குத் திரும்பிப் போகும் வழி அந்த ஃபோல்டர்தான். அப்கிரேடு ஆன 10 நாட்களுக்குள் ரெக்கவரி பக்கத்தில் 'கோ பேக்' அழுத்தினால் முன்பிருந்த நிலைக்குப் போய்விடலாம். அந்தக் கெடு முடிவதற்குள் டிஸம் (DISM) என்ற விண்டோஸ் கட்டளை கொடுத்தால் 60 நாட்கள் வரைகூட நீட்டிக்கலாம். ஃபோல்டர் போய்விட்டால் இரண்டும் போச்சு. கெடு முடிந்ததும் விண்டோஸே அதை அழித்துக்கொள்ளும், யாரும் வந்து அழித்துத் தரவேண்டியதில்லை.

இவ்வளவும் செய்து இணையம் வந்ததா என்றால், இல்லை. "நாளைக்குள்ள வந்துடும் சார், வரலைன்னா ஃபார்மட் அடிச்சுடலாம்" என்று அதற்கும் தனியாக ஒரு தொகை சொல்லிவிட்டுப் போனார்.

நெட்வொர்க் வேலையில் இருக்கும் நண்பர் ஒருவர் போனிலேயே விஷயத்தைக் கண்டுபிடித்தார். கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழைந்து பார்க்கச் சொன்னார். அங்கே எல்லாப் பக்கங்களும் திறந்தன! அப்படியென்றால் சிஸ்டத்தில் கோளாறு இல்லை, என் கணக்கில் ஒட்டியிருக்கும் ஏதோ ஒரு பழைய அமைப்பில்தான் கோளாறு. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ப்ராக்ஸியைத் திறந்தால் 127.0.0.1 என்ற முகவரி உட்கார்ந்திருந்தது. அது இதே கணினியைக் குறிக்கும் எண். முன்பு இணையத்தை வடிகட்ட நான் வைத்திருந்த ஒரு மென்பொருள் தன் வழியாகவே எல்லாம் போகட்டும் என்று அதை எழுதியிருக்கிறது. புதிய பதிப்போடு அந்த மென்பொருள் ஒத்துப்போகாமல் இயங்குவதை நிறுத்திவிட்டது. அமைப்பை மட்டும் அப்கிரேடு பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர் முகவரிக்கே தபால் போய்க்கொண்டிருந்த மாதிரி. அந்த ப்ராக்ஸி சுவிட்சை அணைத்ததும் சரியாகிவிட்டது.

பழைய விபிஎன், ஆன்டிவைரஸ் போன்றவையும் இப்படி எச்சத்தை விட்டுவிட்டுப் போவதுண்டு. ஆன்டிவைரஸ் என்றால் அதைத் தயாரித்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியால் எடுப்பதுதான் சுத்தமான வழி. எந்தச் செயலி தொல்லை தருகிறது என்று தெரியாவிட்டால், விண்டோஸ் தொடங்கும்போது எவை ஓடவேண்டும் என்று தீர்மானிக்கும் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) திறந்து, சர்வீசஸ் பகுதியில் மைக்ரோசாஃப்ட்டின் சேவைகளை முதலில் மறைத்துவிட்டு, மிச்சத்தை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். மறைக்காமல் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆள் போன பிறகு செயலிகள் பட்டியலைப் பார்த்தால் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்று கிடந்தது, நாம் அனுமதி கொடுக்காமலே நுழையும்படி கடவுச்சொல்லும் போட்டு! அதை நீக்கிவிட்டு, வேறொரு கணினியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினேன். ஆப்டிமைசரை நீக்கிய பிறகும் வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் அதன் வேலை ஒன்று தங்கியிருந்து, அங்கேயும் போய் அழிக்க வேண்டியிருந்தது.

சந்தாப் பணத்தைக் கேட்டால் 'ஆக்டிவேட் ஆனதைத் திருப்ப முடியாது' என்கிறார். கார்டில் கட்டிய பணம் என்பதால் வங்கியில் தகராறு மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.