மெனோபாஸுக்குப் பிறகு உடலுறவில் வலி: கிரீமா, மாத்திரையா, வளையமா?

லூப்ரிகன்ட் ஜெல் உரசலைக் குறைக்கும், அவ்வளவுதான். மெலிந்துபோன தோலை அது தடிப்பாக்காது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜென் இறங்கிவிடுவதால் யோனியின் உள்தோல் மெலிகிறது, ரத்த ஓட்டமும் ஈரமும் நெகிழ்வும் குறைகின்றன. 3.5 முதல் 4.5 வரை இருந்த பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 5-க்கு மேல் ஏறுகிறது, அதாவது அமிலத்தன்மை குறைகிறது. எரிச்சல், கீறினாற்போன்ற வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று எல்லாம் இதன் வால்தான். உடம்பு திடீரெனச் சூடாவது பலருக்குச் சில ஆண்டுகளில் தணிந்துவிடும். இந்த வறட்சி தானாகப் போவதில்லை, விட்டால் கூடும்.

அந்த இடத்திலேயே வைக்கிற குறைந்த அளவு ஹார்மோன் மருந்துதான் இதன் வேரைத் தொடுகிறது. கிரீம், மாத்திரை, வளையம் மூன்றும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன. அதனால் எதில் வீரியம் அதிகம் என்று தேடுவது வீண். வலி எந்த இடத்தில், எதை விடாமல் தொடர முடியும் என்ற இரண்டையும் பார்த்து முடிவு செய்யலாம்.

நுழையும்போதே, வாசலிலேயே சுரீரென்று எரிகிறதா? அப்படியென்றால் எங்கள் ஓட்டு கிரீமுக்கு. பெரும்பாலோருக்கு வலி இருப்பது வாசலில்தான். அப்ளிகேட்டரில் (மருந்தை உள்ளே தள்ளும் குழாய்) வைத்து முழுவதையும் ஆழத்தில் தள்ளிவிட்டால் மருந்து அங்கே வந்து சேராது. பட்டாணி அளவு கிரீமை விரல் நுனியில் எடுத்து வாசலைச் சுற்றி, குறிப்பாகக் கீழ்ப்பக்கம், மெதுவாகத் தடவ வேண்டும்.

அளவில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஒரு கிராமில் 1 மி.கி. எஸ்ட்ரியால் (ஈஸ்ட்ரோஜெனில் ஒரு வகை) உள்ள கிரீம் என்றால் ஒரு வேளைக்கு அரை கிராம்; முதல் 2, 3 வாரம் தினமும் இரவு, பிறகு வாரம் இரு முறை. இன்னொரு வகையான எஸ்ட்ரடையால் கிரீமில் கிராமுக்கு 0.1 மி.கி.தான் இருக்கும், அதன் கணக்கு வேறு. அதன் அப்ளிகேட்டரில் 4 கிராம் வரை கோடு போட்டிருப்பதைப் பார்த்து நிரப்பிவிடுகிறார்கள். லேபிளிலும் ஆரம்பத்துக்கு 2 முதல் 4 கிராம் என்றே இருக்கும்; இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் அரை முதல் 1 கிராம்தான் எழுதுகிறார்கள். ஆகவே கோட்டை நம்பாமல் சீட்டில் எழுதிய கிராமைப் பார்த்து எடுங்கள். அப்ளிகேட்டரைப் பிரித்து வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவினால் போதும், கொதிக்க வைத்தால் வளைந்துவிடும்.

கிரீமின் குறை, கசிவு. படுக்கப் போகும்போது வைத்தால் தொந்தரவு குறைவு. உடலுறவுக்குச் சற்று முன் லூப்ரிகன்ட் போலப் பூசக் கூடாது, துணைவரின் உடம்பிலும் ஹார்மோன் ஏறும். சில கிரீம்களில் உள்ள எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும்.

கையில் ஒட்டுவதே பிடிக்காதவர்களுக்கு யோனிக்குள் வைக்கும் 10 மைக்ரோகிராம் எஸ்ட்ரடையால் மாத்திரை: 14 நாள் தினமும் ஒன்று, பிறகு வாரம் இரண்டு. திங்கள், வியாழன் என்று கிழமையைக் கட்டிவிட்டால் மறக்காது. ஓர் ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் மொத்தமே சுமார் 1.14 மி.கி. வாய்வழி எடுக்கும் 1 மி.கி. மாத்திரை ஒன்றின் அளவை ஒட்டித்தான் வருகிறது! மிகவும் வறண்ட இடத்தில் இது முழுதாகக் கரையாமல் உள்ளாடையில் வெள்ளைத் துகளாக வரும். மிக ஆழத்தில் வைக்க வேண்டியதில்லை.

வளையம் ஞாபக மறதிக்காரர்களுக்கு. 2 மி.கி. எஸ்ட்ரடையால் உள்ள இது தினமும் 7.5 மைக்ரோகிராம் வீதம் 90 நாள் விடுகிறது. நழுவி விழுந்தால் வெதுவெதுப்பான நீரில் அலசித் திரும்ப வைக்கலாம். இதே தோற்றத்தில் உடம்பு முழுவதற்கும் ஹார்மோன் தருகிற அதிக அளவு வளையமும் உண்டு. கர்ப்பப்பை இருப்பவர்கள் அதோடு, கர்ப்பப்பையின் உள்சவ்வைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டோஜெனும் எடுக்க வேண்டும். வாங்கும்போது அளவைப் படித்துவிடுங்கள்.

இந்த மூன்றும் தவிர இன்னும் இரண்டு மருந்து உண்டு. பிராஸ்டிரோன் 6.5 மி.கி. தினமும் இரவு யோனிக்குள் வைப்பது, உருகிக் கசியும். ஆஸ்பெமிஃபீன் 60 மி.கி. வாய்வழி மாத்திரை, சாப்பாட்டோடு. உடல் சூட்டைக் கிளப்பலாம், ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு ஆகாது.

மருந்து வேலை செய்யவில்லை என்று விடுபவர்களில் நிறையப் பேர் அவசரப்பட்டவர்கள். வறட்சி குறைவது 2 முதல் 4 வாரத்தில் தெரியும், முழுப் பலனுக்கு 8 முதல் 12 வாரம் ஆகும். சரியாகிவிட்டது என்று நிறுத்தினால் பழைய நிலை திரும்பும். முதல் வாரத்து எரிச்சல் தோல் மெலிந்திருப்பதாலோ கிரீமில் சேர்த்த பொருளாலோ இருக்கலாம். நீடித்தால் வேறு வடிவத்துக்கு மாறலாம். தயிர் போல வெள்ளைப்படுதலும் அரிப்பும் வந்தால் பூஞ்சைத் தொற்று.

12 வாரம் கழித்தும் வலித்தால் அளவைக் கூட்டுவது சரியான வழியல்ல. வலிக்குப் பயந்து இடுப்புத்தளத் தசை இறுகிப் பழகியிருக்கலாம். அதற்கு பிசியோதெரபியும், யோனியை மெல்ல மெல்ல விரியப் பழக்கும் டைலேட்டர் குழாயும்தான். வெள்ளைத் திட்டும் கடும் அரிப்பும் இருந்தால் லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்ற தோல் நோய் இருக்கக்கூடும், அதற்கு ஸ்டீராய்டு களிம்பு வேண்டும். ஆழத்தில் வலித்தால் காரணம் வேறு, பரிசோதனை தேவை.

பெட்டியிலுள்ள துண்டுச்சீட்டின் மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு எச்சரிக்கைகளைப் படித்துவிட்டு மருந்தைத் தொடாமலே வைப்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தின் அடிப்படை 2002-இல் வெளியான ஆய்வு. அதில் சோதித்தது வாய்வழி மாத்திரைகளை. குறைந்த அளவு யோனி மருந்துக்குப் பொதுவாக புரோஜெஸ்டோஜென் சேர்க்கத் தேவையில்லை. மெனோபாஸுக்குப் பின் ரத்தக் கசிவு இருந்தால் மட்டும் காரணம் தெரியும்வரை ஆரம்பிக்கக் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் முதலில் ஹார்மோன் இல்லாத மாய்ஸ்சரைசரை வாரம் 2, 3 முறை போட்டுப் பார்க்கலாம். போதவில்லை என்றால், குறிப்பாக (உடலில் ஈஸ்ட்ரோஜென் உருவாவதைத் தடுக்கும்) அரோமடேஸ் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஹார்மோனுக்குப் போக வேண்டும்.