விதை போட்ட புல்தரையின் முதல் வெட்டு: கையால் தள்ளும் ரீல் மோவர் ஓசூர் செம்மண்ணில் எடுபடுமா?

விதை போட்டு வளர்த்த அருகம்புல் தரைக்கு முதல் வெட்டு விழும் நாளில் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் வழக்கமாக நடப்பது இதுதான். தோளில் பிரஷ் கட்டரோடு ஆள் வருவார் (பலர் வாயில் அது புஷ் கட்டர்), அரை மணியில் வேலையை முடிப்பார், இரண்டு மூன்று நாளில் தரை வெளிறிப்போய்க் கிடக்கும். அதில் சுழலும் நைலான் நூல் புல்லை வெட்டுவதில்லை, அடித்துக் கிழிக்கிறது. கிழிந்த நுனி நார் நாராகிக் காய்கிறது. கை ஆடும் ஆட்டத்துக்கு ஓரிடத்தில் 5 செ.மீ. நிற்கும், பக்கத்திலேயே மண் தெரிய மொட்டையாகும். பல வருஷம் வேர் ஓடிய தரை இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும், ஐந்து வாரப் பயிர் தாங்காது.

இதற்கு மாற்றாக இங்கே எடுத்துக்கொண்டது மோட்டார் இல்லாத, கையால் தள்ளுகிற ரீல் மோவர். அகலம் 14 அங்குலம், ஐந்து அலகு, எடை எட்டு முதல் பத்து கிலோ. சக்கரம் உருள, அதனோடு பல்சக்கரத்தில் கோத்த ரீல் (அலகுகள் பொருத்திய உருளை) சுழல்கிறது. சுழலும் அலகுக்கும் அசையாத அடித்தகட்டுக்கும் நடுவே புல் அகப்பட்டு, கத்தரிக்கோலில் நறுக்கியதுபோல் துண்டாகிறது. முதல் வெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு புல்லில் இறக்கினால் பிரஷ் கட்டர் செய்யும் சேதத்தையே இதுவும் வேறு விதமாகச் செய்யும்.

முதலில் அலகு இடைவெளி. புது மோவர் என்றாலும் ரீலும் அடித்தகடும் சரியாகப் பொருந்தி வரும் என்று நம்ப வேண்டாம். செய்தித்தாளை இரண்டு விரல் அகலக் கீற்றாகக் கிழித்து, அடித்தகட்டின் மேல் வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். விரல் அலகுப் பக்கமே போகக்கூடாது. இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் தாள் சுத்தமாக நறுக்கப்பட வேண்டும். மடங்கி உள்ளே போனால் இடைவெளி அதிகம். ரீல் இறுகி, கரகரவென்று உரசினால் அழுத்தம் அதிகம். இரண்டு பக்கமும் உள்ள ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மாற்றி மாற்றித் திருகிப் பாருங்கள். ஒரே பக்கம் திருகினால் அடித்தகடு சாய்ந்து, ஒரு ஓரம் வெட்டும், மறு ஓரம் மெல்லும். மெல்லப்பட்ட இளம்புல் வேரோடு கையில் வந்துவிடும்.

அடுத்தது உயரம். கைப்பிடிப் பக்கத்து எண்களை அப்படியே நம்பாதீர்கள், அவை வெறும் அடையாளம். சிமெண்ட் தரையில் மோவரை வைத்து, தரையிலிருந்து அடித்தகட்டின் விளிம்பு வரை ஸ்கேல் வைத்து அளந்தால் கிடைப்பதுதான் வெட்டு உயரம். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. விதைப்புக்காகக் கொத்திய மண் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. சக்கரமும் பின் உருளையும் லேசாக அமுங்கும், வெட்டு அந்த அளவுக்குக் கீழிறங்கும். 4 செ.மீ. வேண்டுமானால் சிமெண்ட் தரையில் நாலரை வையுங்கள். வாங்கும்போதே இந்த உயரத்துக்கு ஏறுமா என்று பாருங்கள். சில மாடல்கள் நாலுக்கே எட்டாது, அவை முதல் வெட்டுக்கு உதவாது.

கணக்கு எளிது: ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. புல் 6 செ.மீ. வந்ததும் 4 செ.மீ.க்கு வெட்டுங்கள். அதற்கு மேல் எடுத்தால் இலைப்பரப்பு குறைந்து, வேருக்குப் போகும் உணவு நின்றுபோகும். விதைத்து எத்தனை நாள் என்பதைவிட இந்த உயரம்தான் முக்கியம். சித்திரை வெயிலில் தர்மபுரியில் நான்கு ஐந்து வாரத்தில் வந்துவிடுகிற உயரம், ஓசூர்க் குளிரில் இன்னும் சில நாள் இழுக்கும். மார்கழி, தையில் அருகம்புல் ஏறக்குறைய தூங்கிவிடும், அப்போது விதைத்தவர்கள் அவசரப்பட்டுப் பயனில்லை.

உயரம் வந்தாலும் வேர் பிடித்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு சிட்டிகைப் புல்லைப் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். இலை அறுந்து, அடி மண்ணிலேயே நின்றால் தயார். மண்ணோடு சேர்ந்து வந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். நாலைந்து இடத்தில் பாருங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் புல் எப்போதும் முந்திக்கொண்டிருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இனி இந்த மோவருக்கு நம் ஊரில் உள்ள பெரிய எதிரிக்கு வருவோம்: கல். கிருஷ்ணகிரி, தர்மபுரி செம்மண்ணில் சரளை கலந்திருப்பது தெரிந்த கதை. தெளிப்பு நீரும் மழையும் மெல்லிய மண்ணைக் கழுவிக்கொண்டு போக, விதைத்த நாளில் கண்ணுக்குத் தெரியாத கற்கள் ஒரு மாதத்தில் மேலே வந்து உட்காரும். புது வீட்டு முற்றமென்றால் ஜல்லி, காரைத் துண்டு, ஆணி, கட்டுக்கம்பி எல்லாம் கூடுதல் வரவு. மின்விசிறிபோல் தகடு சுழன்று வெட்டும் சுழல் தகட்டு மோவரில் கல் எகிறி ஜன்னலை உடைக்கும். ரீலில் அது அலகுக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே மாட்டி, அலகில் பல் விழும். அன்றிலிருந்து ஒவ்வொரு வரிசையிலும் அந்தப் பல் விழுந்த இடத்தில் வெட்டாத கீற்று ஒன்று தரையில் கோடு போட்டுக்கொண்டே வரும். அதைவிட மோசம், ரீல் நின்ற பிறகும் முன்னே தள்ளுவது. பூட்டிக்கொண்ட சக்கரங்கள் உருளாமல் இழுபட்டு, ஒரு முழ நீளத்துக்குப் புல்லை உரித்துவிடும். நின்றால் உடனே பின்னுக்கு உருட்டுங்கள். கல் பெரும்பாலும் தானே விழும், விழாவிட்டால் குச்சியால் தள்ளுங்கள். விரலை விடவே கூடாது. மோட்டார் இல்லாவிட்டாலும், இறுகி நிற்கும் ரீல் விடுபடும்போது சுழலும்.

ஆகவே வெட்டுக்கு மூன்று நாள் முன்னால் குனிந்து கல் பொறுக்குவதுதான் முதல் வேலை. பிறகு மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது எடை குறைந்த உருளையை ஒரு தடவை ஓட்டினால் மிச்சமுள்ள பொடிக்கல் உள்ளே போகும், தூக்கி நிற்கும் நாற்று வேரும் மண்ணோடு ஒட்டும். ஈரம் சொதசொதவென்றிருந்தால் உருளை வேண்டாம், செம்மண் தட்டிப்போய் இறுகிவிடும்.

அதன்பின் இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். குதிகாலை ஊன்றினால் பள்ளம் விழாத அளவுக்குத் தரை காய வேண்டும். ஓசூரில் பனி சீக்கிரம் வடியாது. ஈர இலையில் சக்கரம் வழுக்கும், ரீல் சுழலாது, துண்டுகள் அடித்தகட்டில் அப்பிக்கொள்ளும். மாலை நாலு மணிக்கு மேல் வெட்டுவது நல்லது. வெட்டின நுனி உச்சி வெயிலிலிருந்தும் தப்பும்.

தள்ளும் முறையில் கவனிக்க வேண்டியது திரும்பும் இடம். ஒரு சக்கரத்தை ஊன்றி வண்டியைச் சுழற்றினால் அந்த இடத்து நாற்று திருகிப் பிய்ந்துவிடும். நடைபாதை வரை கொண்டுபோய் அங்கே திருப்புங்கள். வழியில்லாவிட்டால் தூக்கித் திருப்புங்கள், பத்து கிலோதானே. விட்டு விட்டுத் தள்ளாமல் ஒரே சீராக நடந்தால்தான் ரீலின் வேகம் குறையாது. வரிசைக்கு வரிசை இரண்டு அங்குலம் ஏறிப் போகட்டும். இரண்டு சென்ட் தரைக்கு ஏறக்குறைய 265 மீட்டர் நடை, அவ்வளவுதான். பின்னால் மாட்டும் துணிப்பெட்டியை முதல் வெட்டுக்குக் கழற்றி வையுங்கள். அது நிரம்ப நிரம்ப எடை பின் உருளையில் இறங்கி மண்ணை அழுத்தும். விழுகிற துண்டுகள் சன்னமாக இருந்தால் அப்படியே விடலாம், குவிந்து கிடந்தால் மட்டும் பிளாஸ்டிக் வாரியால் மெல்லக் கலைத்து எடுங்கள். தென்னந்துடைப்பம் வேண்டாம், நாற்றையும் சேர்த்துக் கூட்டிவிடும்.

வெட்டி ஒரு வாரம் கழித்து சென்ட்டுக்கு 200 கிராம் யூரியா, இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர். களைக்கொல்லியை மூன்று நான்கு வெட்டு முடியும் வரை தொடாதீர்கள். பார்த்தீனியத்தைக் கையால் பிடுங்குவதே போதும். கோரையைப் பிடுங்கினாலும் கிழங்கு உள்ளேயே நின்று மறுபடி முளைக்கும், அதற்கு அவசரமில்லை. இரண்டாவது வெட்டை முதல் வெட்டின் குறுக்கே ஓட்டுங்கள், உயரத்தை 3 செ.மீ. வரை கொஞ்சம் கொஞ்சமாக அடுத்தடுத்த வெட்டுகளில் இறக்கலாம்.

இந்த மோவரால் முடியாதவையும் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் புல் 10 செ.மீ. தாண்டிவிட்டால் ரீல் அதை வெட்டாது, மடக்கிவிட்டு மேலே ஏறிப் போகும். அப்போது மின்சார சுழல் மோவரை உச்ச உயரத்தில் வைத்து வெட்டி, நாலு நாள் விட்டு இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டுவதே வழி. பெட்ரோல் மோவர் இளந்தரைக்கு வேண்டாம். எடையில் தடம் விழும். ஐந்து சென்ட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கும், தடித்த, அகன்ற இலை கொண்ட பஃபலோ புல் போட்டவர்களுக்கும் ரீலைத் தள்ளுவது தண்டனைதான். கதிர் விட்ட தண்டையும் இது விட்டுவிட்டுப் போகும்.

வாங்கும்போது அலகு எண்ணுங்கள். நாலு அலகு என்றால் தரையில் அலை அலையாகத் தெரியும், ஐந்து போதும். ரீலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்றால் வைத்துவிடுங்கள். பால் பேரிங் உள்ளதா, அடித்தகடும் பல்சக்கரமும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். செய்தித்தாள் சோதனையைக் கடையிலேயே செய்து காட்டச் சொல்வதில் தப்பில்லை.

மழுங்கினால் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டை அலகில் தடவி, ரீலைப் பின்னோக்கிச் சுற்றித் தேய்த்துக்கொள்ளலாம். பிறகு பேஸ்ட்டை ஒரு பொட்டு விடாமல் கழுவிவிட வேண்டும். சிப்காட் வந்த ஊர் ஆதலால் ஓசூரில் கிரைண்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. அடித்தகட்டைக் கழற்றிக் கொடுத்தால் சமதளமாகத் தேய்த்துக் கொடுத்துவிடுவார்கள். ரீலை மட்டும் கொடுக்காதீர்கள். ஆங்கிள் கிரைண்டரால் ஒவ்வொரு அலகாகத் தீட்டினால் பளபளவென்றுதான் திரும்பி வரும், ஆனால் ஐந்து அலகும் ஒரே வட்டத்தில் நிற்காது. அதன்பின் எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் தாள் அறுபடாது.