அழகான சின்ன ஊரில் வீடு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பெரிய நகரத்தை விட்டு, சின்ன ஊர் ஒன்றில் குடும்பத்தோடு நிரந்தரமாகத் தங்க வீடு தேடுகிறீர்கள் என்றால் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். ஊரின் பெயரையும் எங்களுக்கு வீட்டை முடித்துக் கொடுத்த புரோக்கரின் பெயரையும் சொல்லப் போவதில்லை. எங்கள் புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. அதுவும் போக, அவர் செய்ததை எந்த ஊர்ப் புரோக்கரும் செய்ய முடியும். பெயரைவிட அவர் அதை எப்படிச் செய்தார் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

எங்களிடம் யாரும் போலிப் பத்திரம் காட்டவில்லை. விற்றவர்தான் உண்மையான உரிமையாளர். கடன், வழக்கு, வில்லங்கம் எதுவும் கிடையாது. வக்கீல் உரிமைப் பத்திரங்களையெல்லாம் பார்த்துவிட்டுச் சரி என்றார், அது சரியாகவும்தான் இருந்தது. எங்களுக்கு விழுந்த அடியில் பெரும்பகுதி எந்தத் தாளிலும் இல்லாத இடத்திலிருந்து வந்தது.

புரோக்கர் எப்போதும் ஞாயிறு காலையில்தான் வீட்டைக் காட்டுவார். வார நாளில் கேட்டால், “வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விடுவார் மேடம், சாவி கிடைக்காது” என்பார். நம்பும்படியான காரணம்தான். ஆற்றை ஒட்டி ஒரு தெரு, இருபக்கமும் பெரிய மரங்கள், வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் வயதானவர்கள், பறவைச் சத்தம். என் கணவர் காரை நிறுத்தியதுமே வீட்டுக்குள் போகாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். புரோக்கரும் அவசரப்படுத்தவில்லை, நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். தொழில் தெரிந்தவர்!

இது மனிதர்கள் எல்லோருக்கும் நடப்பதுதான். டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் என்ற இருவர் 1998ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் மத்தியப் பகுதி மாணவர்களிடமும் கலிஃபோர்னியா மாணவர்களிடமும் அவர்களுடைய வாழ்க்கைத் திருப்தியைக் கேட்டார்கள். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள்தான் அதிக சந்தோஷமாக இருப்பார்கள் என்று இரண்டு பக்கத்தாரும் நினைத்தார்கள். கண்ணில் முதலில் படும் வெயிலையும் கடலையும் வைத்து முழு வாழ்க்கையையும் எடைபோட்டுவிடுகிறோம். ஊரைக் காட்டி வீட்டை விற்கிறவர்களின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது.

குடியேறிய பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, விடிவதற்கு முன்னாலேயே ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. ஊருக்கு மேலே, மலையின் மறுபக்கத்தில் ஒரு கல் குவாரி. ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் நெடுஞ்சாலைக்கு இறங்க எங்கள் தெருதான் வழி. வாரத்தில் ஆறு நாள் ஓடும், ஞாயிறு மட்டும் விடுமுறை. தார்ப்பாய் மூடாமல் போகும் லாரிகளிலிருந்து தூசி பறந்து ஜன்னல் விளிம்பெல்லாம் வெள்ளையாகப் படியும். கல் தூசியில் இருக்கும் சிலிக்காவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. பெரிய ஆபத்து குவாரிக்குள் வேலை செய்கிறவர்களுக்குத்தான், தெருவில் இருக்கும் எங்களுக்கு அந்த அளவு இல்லை என்று டாக்டர் சொன்னார். மூச்சிரைப்பு உள்ள என் மாமியாரை வைத்துக்கொண்டு அந்த ஆறுதலோடு எவ்வளவு நாள் இருக்க முடியும்?

புரோக்கருக்கு போன் செய்தேன். “நீங்கள் குவாரி பற்றிக் கேட்கவே இல்லையே மேடம்?” என்றார். குரலில் துளி பதற்றம் இல்லை.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வெளியூரிலிருந்து வாங்க வந்தவருக்கு மட்டும் தெரியாது. இதில் பிரபலமான வழக்கு ஒன்று உண்டு. நியூயார்க்குக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றங்கரையில் நயாக் என்று ஓர் ஊர். அங்கே ஒரு வீட்டில் பேய் இருப்பதாக அதன் உரிமையாளரே பத்திரிகைகளில் சொல்லியிருந்தார். உள்ளூரில் அது பேச்சாகவே இருந்தது. நகரத்திலிருந்து வாங்க வந்தவருக்கோ முன்பணம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. 1991ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஊருக்கே பேய் வீடு என்று சொல்லி வைத்த உரிமையாளர் இப்போது இல்லை என்று மறுக்க முடியாது, சட்டத்தின் கண்ணில் அது பேய் வீடுதான் என்று சொல்லி, ஒப்பந்தத்திலிருந்து விலக வாங்க வந்தவரை அனுமதித்தது. எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் வெளியாள் கண்டுபிடிக்க முடியாத விஷயம் என்பதுதான் காரணம். சிரிப்பு வரும் வழக்குதான். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: நஷ்டஈடு கேட்டது நிற்கவில்லை, புரோக்கருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. எங்கள் வக்கீல் முதல் நாளே எங்களுக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

அடுத்தது அக்கம்பக்கம். “குடும்பங்கள் இருக்கும் தெரு” என்றார் புரோக்கர். சுற்றுலாக் காலம் தொடங்கியதும்தான் எங்கள் வரிசையில் பாதி வீடுகள் நாள் வாடகைக்கு விடப்படுபவை என்று தெரிந்தது. அந்த மாதங்களில் நள்ளிரவு வரை பாட்டும் கார் கதவுச் சத்தமும். மற்ற மாதங்களில் தெருவே இருட்டு, அவசரத்துக்குக் கதவைத் தட்ட ஆள் இல்லை. எங்கள் பெண்ணோடு விளையாட அந்த வரிசையில் ஒரு குழந்தைகூட இல்லை. அழகான ஊர்களுக்கு இது பொதுவான வியாதி. ஆஸ்திரியாவில் ஏரிக்கரையில் இருக்கும் ஹால்ஸ்டாட்டில் குடியிருப்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை, கூட்டமான நாளில் வருகிறவர்கள் பத்தாயிரம். 2023ல் செல்ஃபி எடுக்கும் இடத்தை மறைத்து மரத்தடுப்பே கட்டிப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்து எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் 2016ல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள் வாக்களித்தார்கள். ஓர் ஊர் அந்த அளவுக்குப் போகிறது என்றால் பக்கத்து வீட்டில் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். வாங்குவதற்கு முன் ஓர் இரவு அந்தத் தெருவில் நடந்து, எத்தனை ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணினாலே போதும். சுற்றுலா இல்லாத மாதத்தில் செய்யுங்கள்.

“பள்ளிக்கூடம் நடக்கிற தூரம்” என்பதும் உண்மைதான். பிள்ளைகள் குறைந்துவிட்டதால் அந்தக் கல்வியாண்டோடு அதை மூடி வேறு ஊர்ப் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியும் அப்படித்தான். பலகை இருக்கிறது, பகலில் டாக்டர் இருக்கிறார், இரவில் பூட்டு. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மூளையில் ரத்தக்கட்டு வந்தால் அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். ஆம்புலன்ஸ் எங்கிருந்து கிளம்பும், இரவு இரண்டு மணிக்கு ஸ்கேன் எடுக்க எங்கே போக வேண்டும் என்ற இரண்டையும் புரோக்கரிடம் கேட்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்கே போன் செய்து கேளுங்கள்.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை மட்டும் பட்டி பார்த்துப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. “அழகுக்கு இரண்டு கலர் அடித்திருக்கிறார்கள்” என்றார் புரோக்கர். பரிசோதனைக்கு வந்த பொறியாளரை ஏற்பாடு செய்ததும் அவரேதான். அந்த அறிக்கையில் கூரை, வயரிங், குழாய் எல்லாம் இருந்தன, சுவரின் ஈரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. மழை தொடங்கியதும் பெயிண்ட் கொப்பளித்து, உப்பு பூத்து, பவுடராக உதிர ஆரம்பித்தது. நாங்களாகத் தேடி அழைத்த வேறு பொறியாளர் வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, “இங்கே எப்போது வெள்ளம் வந்தது?” தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் மேடும் பள்ளமுமாகத்தான் படியும், இது சுவர் சுவராக ஒரே மட்டத்தில் கோடு போட்ட மாதிரி நிற்கிறது என்று காட்டினார். பக்கத்துத் தெருப் பெரியவரிடம் விசாரித்தபோது, “உங்கள் வீட்டுக்குள் மட்டுமா வந்தது, இந்தத் தெரு முழுக்கத்தான்” என்றார்.

மறுபடியும் புரோக்கரிடம் போனோம். இந்த முறை அவரிடம் கணக்கு தயாராக இருந்தது. “அது நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வெள்ளம் மேடம். வந்துவிட்டுப் போயாச்சு, இனி நம் ஆயுளில் வராது.” இந்தக் கணக்கை நம்பி யாரும் வாங்கிவிடாதீர்கள். நூறாண்டு வெள்ளம் என்றால் ஒவ்வொரு ஆண்டும் அது வர 1 சதவீத வாய்ப்பு என்று பொருள். போன வருடம் வந்தது என்பதற்காக இந்த வருடம் அந்த வாய்ப்பு குறையாது. 30 வருடக் கடன் எடுத்து வாங்கினால், கடன் முடிவதற்குள் ஒரு தடவையாவது வர 26 சதவீத வாய்ப்பு. அமெரிக்காவில் ஃபீமா, இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் முகமை போன்ற அரசு அமைப்புகள் வெள்ள வரைபடங்களை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. அப்படி வரைபடம் இல்லாத இடத்தில் ஆற்றங்கரை வீடு வாங்கினால், குறைந்தது மூன்று வயதானவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள். வெள்ளம் வந்த வருடத்தை யாரும் மறப்பதில்லை.

அவசரப்படுத்தியது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். “சாயங்காலம் நாலு மணிக்கு இன்னொரு பார்ட்டி வருகிறார்கள், அட்வான்ஸோடு.” அந்தப் பார்ட்டியை யாரும் பார்த்ததில்லை. அந்த வீடு பல மாதங்களாக விற்காமல் கிடந்தது என்பது பிறகு தெரிந்தது.

இப்போது புகார் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். குவாரி, பள்ளி, ஆஸ்பத்திரி மூன்றையும் வக்கீல் ஒதுக்கிவிட்டார். அவை ஊரறிந்த விஷயங்கள், விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்கிறார். சுவரில் வெள்ளக் கோட்டை மறைத்து பெயிண்ட் அடித்தது வேறு, அது மறைத்த குறை. விற்பவர் தனக்குத் தெரிந்த குறைகளை எழுதித் தரும் படிவத்தில், ‘வெள்ளம் புகுந்ததுண்டா?’ என்ற கட்டம் காலியாக விடப்பட்டிருக்கிறது. இல்லை என்றுகூட எழுதவில்லை. அங்கே பிடி இருக்கிறது என்றார்.

இன்னொரு பிடி நாங்கள் எதிர்பாராதது. வாங்குவதற்கு முன்பு ஒரு நாள், “தெருவில் வண்டிச் சத்தம் இருக்குமா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். “இந்த ஊரிலேயே அமைதியான தெரு இதுதான், கனரக வண்டி எதுவும் வராது” என்று அவரே எழுதி அனுப்பியிருக்கிறார். போனில் சொன்ன நூறு பொய்களுக்குச் சாட்சி இல்லை, இந்த ஒரு வரிக்கு இருக்கிறது. அதனால் லாரி, வெள்ளம், பள்ளி, நாள் வாடகை வீடுகள் என்று எதைக் கேட்பதானாலும் எழுத்தில் கேளுங்கள். பதில் எழுதாமல் போன் செய்து பேசினால், பேசி முடித்ததும் “இப்போது நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரிதானே?” என்று அவருக்கே எழுதி அனுப்பி, பதில் வந்த பிறகு அட்வான்ஸ் பற்றிப் பேசுங்கள். பதில் வரவில்லை என்றால் வேறு வீட்டைப் பாருங்கள்.