ஒரே ஆட்டம், இரண்டு முதல் கோல்: கென்யன்-ஸ்லேனியா, ரென்னி-டெய்லரா?

சர்வதேசக் கால்பந்தில் முதல் கோல் அடித்தவர் யார் என்று வினாடி வினாவில் கேட்டால் விடை ஒன்றுதான்: வில்லியம் கென்யன்-ஸ்லேனி. 1873 மார்ச் 8, லண்டன் கென்னிங்டன் ஓவல் மைதானம், இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும். ஆட்டம் சூடுபிடிப்பதற்குள்ளேயே பந்து கோலுக்குள் போய்விட்டது. முந்தைய நவம்பரில் கிளாஸ்கோ பக்கம் நடந்த முதல் ஆட்டம் 0-0 என்று முடிந்திருந்ததால், அந்தப் பெருமை சும்மா கிடந்தது. இவர் வந்து எடுத்துக்கொண்டார்.

அதே ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்கும் ஒரு முதல் கோல் உண்டு. அதை அடித்தவர் ஹென்றி வா ரென்னி-டெய்லர். வினாடி வினாவில் இவரை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதில்தான் கொஞ்சம் வருத்தம், அதனால்தான் இந்த அலசல்.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது ஒற்றுமைதான். கென்யன்-ஸ்லேனி பிறந்தது 1847இல் ராஜ்கோட்டில். ஆமாம், பின்னாளில் காந்தி பள்ளிக்கூடம் போன அதே ராஜ்கோட். அப்பா பம்பாய் குதிரைப்படை அதிகாரி. ரென்னி-டெய்லர் பிறந்தது 1849இல் முசூரியில். இருவரும் ராணுவ அதிகாரிகள், கடைசியில் இருவருமே கர்னல். இருவரும் கிரிக்கெட்டும் ஆடினார்கள். இருவரும் தங்கள் நாட்டுக்காக ஆடிய கால்பந்து ஆட்டம் அந்த ஒன்றே ஒன்றுதான். ஜாதகம் பார்ப்பவர்களிடம் கொடுத்தால் இரட்டையர் என்பார்கள்.

ஆனால் அவர்கள் இருந்தது ஒரே ராணுவம் என்று நினைத்தால் தப்பு. பெயர்தான் ஒன்று.

கென்யன்-ஸ்லேனி ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரி என்று போய், 1867இல் கிரெனேடியர் கார்ட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். அரண்மனைக் காவலுக்கு நிற்கும் படை. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவி விலைக்கு விற்கப்பட்டது. சாதாரணக் காலாட்படையில் ஆரம்பப் பதவிக்கு அரசு நிர்ணயித்த விலை 450 பவுண்டு என்றால், கார்ட்ஸில் அதே படிக்கு 1,200 பவுண்டு. கூடுதல் காசுக்குக் கூடுதல் மரியாதையும் உண்டு: கார்ட்ஸில் லெப்டினன்டாக இருப்பவர் ராணுவத்தின் மற்ற இடங்களில் கேப்டனாக மதிக்கப்படுவார். கார்ட்ஸ் பெரும்பாலும் லண்டனிலும் வின்ட்சரிலும்தான் இருக்கும். இந்தியாவுக்கு அனுப்பமாட்டார்கள். சனிக்கிழமை மதியம் ஓவலுக்குப் போய்ப் பந்து உதைக்க இதைவிட வசதியான உத்தியோகம் கிடையாது.

ரென்னி-டெய்லர் போனது வேறு வழி. செல்ட்டனம் கல்லூரி, பிறகு வுல்விச் ராணுவ அகாடமி, 1870இல் ராயல் எஞ்சினியர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை. இங்கே பதவியை விலைக்கு வாங்க முடியாது. கணக்கும் கோட்டைக் கட்டுமானமும் படித்துத் தேற வேண்டும். தேறிய இளம் அதிகாரிகள் கென்ட் மாகாணத்து சாத்தம் நகரில் சுமார் இரண்டு வருடம் பயிற்சியில் கிடப்பார்கள். பாலம், சுரங்கம், நில அளவை. அதற்குப் பிறகு உலகத்தின் எந்த மூலைக்கும் உத்தரவு வரலாம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நமக்குத் தெரிந்த படைக்கும் 1860களுக்குப் பின் இந்த ராயல் எஞ்சினியர்ஸிலிருந்துதான் அதிகாரிகள் வந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், இரண்டு பேரும் ஆடிய கால்பந்தின் வேறுபாடே இதில்தான் இருக்கிறது. கென்யன்-ஸ்லேனி ஆடிய வாண்டரர்ஸ் அணி, பெரிய பள்ளிகளில் படித்து முடித்த கனவான்கள் சேர்ந்த கூட்டம். சொந்த மைதானம் இல்லை, அதனால்தான் 'அலைந்து திரிபவர்கள்' என்ற அந்தப் பெயர். வாரம் முழுவதும் அவரவர் வேலை, ஆட்டத்தன்று வந்து சேர்வார்கள். அப்படிச் சேரும் அணியில் என்ன நடக்கும்? பந்து கிடைத்தவர் தலையைக் குனிந்துகொண்டு தனியாக ஓட்டிப் போவார். பறிபோனால் பின்னால் வருபவர் எடுத்துக்கொள்வார். சாத்தத்தில் நிலைமை நேர் எதிர். எஞ்சினியர்ஸ் ஒரே முகாமில் தூங்கி, ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஒன்றாகவே ஆடினார்கள். யார் எங்கே நிற்பார் என்று ஒருவருக்கொருவர் தெரியும். மேஜர் மாரிண்டின் வளர்த்த அந்த அணி, பந்தைக் கைமாற்றி, அதாவது கால்மாற்றி, முன்னேறும் கூட்டாட்டத்துக்குப் பெயர் வாங்கியது. இன்று நாம் பார்க்கும் கால்பந்துக்கு எது கிட்டத்தில் இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

சரி, களத்துக்குப் போவோம். அந்த 1873 ஆட்டத்துக்கு ஸ்காட்லாந்திலிருந்து முழு அணியை ரயிலேற்றக் கையில் காசு போதவில்லை. எட்டுப் பேர் வந்தார்கள், மீதி மூன்று இடத்துக்கு லண்டன் வட்டாரத்தில் இருந்த ஸ்காட்லாந்துத் தொடர்புக்காரர்களைப் பிடித்தார்கள். கின்னெய்ர்டு, பிளாக்பர்ன், ரென்னி-டெய்லர். இவர்களில் பின் இருவரும் எஞ்சினியர்ஸ். இங்கிலாந்து முதலில் இரண்டு அடித்தது. ரென்னி-டெய்லர் ஒன்றைத் திருப்பினார், ஸ்காட்லாந்தின் கிப் சமன் செய்தார், அப்புறம் கென்யன்-ஸ்லேனி தன் இரண்டாவது கோலைப் போட்டார். கடைசியில் 4-2. கோல் கணக்கில் கென்யன்-ஸ்லேனி இரண்டு, ரென்னி-டெய்லர் ஒன்று. அந்த மதியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் கென்யன்-ஸ்லேனிதான், மறுபேச்சு இல்லை.

ஆனால் ஓவல் மைதானத்தில் ரென்னி-டெய்லர் பட்ட பாட்டையும் பார்க்க வேண்டும். 1872 பிப்ரவரியில் அங்கே ஸ்காட்லாந்துக்காக ரக்பி ஆடினார், தோல்வி. (ஸ்காட்லாந்துக்காக ரக்பி, கால்பந்து இரண்டிலும் சர்வதேச ஆட்டம் ஆடியவர் இவர் ஒருவர்தான்.) மறு மாதம் அதே புல்லில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையின் முதல் இறுதிப்போட்டி. எஞ்சினியர்ஸின் கிரெஸ்வெல் பத்து நிமிடத்திலேயே காறை எலும்பு உடைந்தும் வெளியேறாமல் நின்றார். ஆனாலும் வாண்டரர்ஸிடம் 0-1. அடுத்த மார்ச்சில்தான் மேலே சொன்ன 4-2. அதற்கு அடுத்த மார்ச்சில் மறுபடி கோப்பை இறுதி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திடம் 0-2. ஒரே மைதானத்தில் நான்கு பெரிய ஆட்டம், நான்கும் தோல்வி. நானாக இருந்தால் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டேன்.

1875 மார்ச்சில் ஐந்தாவது தடவை போனார். எதிரணி ஈட்டன் பள்ளிப் பழைய மாணவர்களின் ஓல்ட் எட்டோனியன்ஸ், அதில் கென்யன்-ஸ்லேனி! ஓவலில் இருவரும் மறுபடி நேருக்கு நேர். அன்று பேய்க்காற்று. கோல் விழும்போதெல்லாம் பக்கம் மாற வேண்டும் என்பது அப்போதைய விதி. எட்டோனியன்ஸ் ஒன்று அடிக்க, கொஞ்ச நேரத்தில் ரென்னி-டெய்லர் திருப்பி அடிக்க, பக்கம் மாறிக் காற்று மறுபடி எட்டோனியன்ஸ் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. தானே கோல் அடித்துக் காற்றை எதிராளிக்குக் கொடுத்த கொடுமை. அப்படியும் 1-1 என்று பிடித்து நிறுத்தி, மூன்று நாள் கழித்து நடந்த மறு ஆட்டத்தில் 2-0 என்று எஞ்சினியர்ஸ் கோப்பையைத் தூக்கினார்கள். அந்த மறு ஆட்டத்துக்கு எட்டோனியன்ஸில் சிலர் வரவே இல்லை. கூடி வாழும் அணிக்கும் கூப்பிட்டால் வரும் அணிக்கும் உள்ள வித்தியாசம் கோல் கணக்கிலேயே தெரிந்துவிட்டது.

சாத்தம் வாழ்க்கைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1873 ஆட்டத்தில் இங்கிலாந்துக்காகத் தடுப்பில் நின்ற ஆல்ஃபிரட் குட்வினும் எஞ்சினியர்ஸ் அதிகாரிதான், பிறந்தது ரூர்க்கியில். உத்தரவு வந்து இந்தியா திரும்பியவர், 1874 மார்ச்சில் அதே ரூர்க்கியில் குதிரை விபத்தில் இறந்தார். இங்கிலாந்துக்கு ஆடியவர்களில் முதலில் இறந்தவர் அவர். கார்ட்ஸ் அதிகாரிக்கு அந்த ஆபத்து குறைவு.

குறைவு என்றேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. கென்யன்-ஸ்லேனி 1882இல் எகிப்துப் போருக்குப் போனார். டெல்-எல்-கெபீரில் இரவெல்லாம் பாலைவனத்தில் நடந்து விடியற்காலையில் தாக்கிய சண்டையில் இருந்தார். ஆனால் கார்ட்ஸ் படை அன்று முன்வரிசைக்குப் பின்னால்தான் நிறுத்தப்பட்டிருந்தது. பதக்கம் உண்டு, அதை வைத்துப் பெரிய வீரக்கதை எழுத முடியாது.

அவருடைய உண்மையான இரண்டாவது இன்னிங்ஸ் நாடாளுமன்றம். 1886இலிருந்து 1908இல் இறக்கும்வரை ஷ்ராப்ஷயரின் நியூபோர்ட் தொகுதி உறுப்பினர், கன்சர்வேட்டிவ் கட்சி. 1902 கல்விச் சட்டத்தில் அவர் பெயராலேயே ஒரு பிரிவு இருக்கிறது. திருச்சபைப் பள்ளிகளில் சமயப் பாடத்தின் கட்டுப்பாடு ஊர்ப் பாதிரியார் ஒருவர் கையில் இல்லாமல் நிர்வாகக் குழு முழுவதன் கையிலும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சொந்தக் கட்சிக்காரர்களே, அதிலும் பாதிரிமார், கொதித்துப் போனார்கள். ரென்னி-டெய்லரிடம் இப்படிப் பொது வாழ்க்கை எதுவும் இல்லை. அவர் ராணுவத்திலிருந்து விலகி டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலைக்குப் போய் நிர்வாக இயக்குநர்வரை உயர்ந்தார். 1920இல் இறந்தார். இந்தப் பகுதியில் போட்டியே இல்லை, கென்யன்-ஸ்லேனிக்குத்தான் மதிப்பெண்.

விளையாட்டுக்காரராக என்றால் என் ஓட்டு ரென்னி-டெய்லருக்கு. கென்ட் மாகாணத்துக்கு முதல்தரக் கிரிக்கெட் ஆடியவர், 1880இல் எஞ்சினியர்ஸ் அணிக்காக சிவில் சர்வீஸ் அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 331 அடித்தவர். எந்தப் பந்தைக் கையில் கொடுத்தாலும் ஏதோ ஒன்று செய்வார். கோப்பை என்று எண்ணினால் ஆளுக்கு ஒன்று. கென்யன்-ஸ்லேனி அதை 1873இல் வாண்டரர்ஸோடு வாங்கினார். முந்தைய ஆண்டு ஜெயித்த அணி என்பதால் அந்த வருடம் அவர்கள் நேராக இறுதிப்போட்டியில் மட்டும் ஆடினால் போதும் என்று விதி. அதுவும் காலையிலேயே ஆரம்பித்தார்கள், மதியம் தேம்ஸில் படகுப் போட்டி பார்க்கப் போகவேண்டுமே.