விமான டிக்கெட்: தேடுவது ஓரிடம், வாங்குவது வேறிடம்

எனக்கு, வீட்டாருக்கு, நண்பர்களுக்கு என்று பல வருடமாக ஆன்லைனில் விமான டிக்கெட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். கூகுள் ஃப்ளைட்ஸ், ஸ்கைஸ்கேனர், கயாக் போன்ற விலை ஒப்பீட்டுத் தளங்கள், ஏஜென்சித் தளங்கள், விமான நிறுவனங்களின் சொந்தத் தளங்கள் என எல்லாவற்றையும் மாறி மாறிப் பயன்படுத்தியாயிற்று. இப்போது என் வழக்கம் இதுதான்: ஒப்பீட்டுத் தளத்தில் தேடுவேன், விமான நிறுவனத்தின் தளத்தில் வாங்குவேன். அங்கே விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சரி.

தேடுவதற்கு எனக்கு மிகவும் பிடித்தது கூகுள் ஃப்ளைட்ஸ். அந்த வேகம் வேறு எதிலும் இல்லை. கட்டணத் தேடலுக்கென்றே 1996-ல் தொடங்கப்பட்ட ஐடிஏ சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தை 2011-ல் கூகுள் வாங்கியது. அதே வருடம் இந்தச் சேவையும் வந்தது. தேதிக் கட்டத்தைத் தொட்டால் ஒவ்வொரு நாளுக்கும் குறைந்தபட்சக் கட்டணம் தெரியும். புறப்படும் நாளை ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக நகர்த்த முடிந்தால் கிடைக்கும் மிச்சம், எந்தத் தள்ளுபடிக் கூப்பனிலும் கிடைக்காது. ஸ்கைஸ்கேனரில் ஒரு மாதம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கலாம். சிறிய ஏஜென்சிகளின் விலைகளும் அதில் வரும் என்பதால் பட்டியலின் முதல் வரி பல சமயம் மலிவாகத் தெரியும். அந்த முதல் வரியிடம்தான் நிதானம் வேண்டும், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எந்த ஒப்பீட்டுத் தளமும் எல்லா விமானங்களையும் காட்டிவிடாது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான நிறுவனம் 2024 வரை கூகுள் ஃப்ளைட்ஸில் கட்டணம் காட்டாமலே இருந்தது. அதனால் நாம் போகும் தடத்தில் பறக்கும் மலிவுக் கட்டண நிறுவனங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அவற்றின் தளங்களை ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுவது நல்லது.

கட்டணம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று புரிந்த பிறகுதான் எனக்குத் தேடவே பிடிபட்டது. ஒரே எகானமி வகுப்புக்குள் பல கட்டணப் பிரிவுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. முழுக் கட்டண எகானமிக்கு பெரும்பாலும் ‘ஒய்’. மற்ற எழுத்துகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒவ்வொரு பிரிவிலும் இத்தனை இருக்கைதான் என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். மலிவான பிரிவு தீர்ந்தால் அடுத்தது திறக்கும். பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு வேறு விலை கொடுத்திருப்பது இதனால்தான்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதில் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. நான்கு பேருக்குத் தேடுகிறீர்கள், மலிவான பிரிவில் இரண்டு இருக்கைதான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான தளங்கள் நான்கு பேருக்கும் அடுத்த பிரிவின் விலையைக் காட்டிவிடும், இரண்டு பேருக்கு மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லாது. எனவே நான் முதலில் ஒருவருக்கு மட்டும் தேடுவேன், அப்புறம் இரண்டு, மூன்று என்று ஏற்றுவேன். தலைக்கு ஆகும் விலை எங்கே மாறுகிறது என்று தெரிந்துவிடும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டு இரண்டாகப் பிரித்து எடுப்பேன். ஆனால் பிரித்தால் பிஎன்ஆர் என்கிற முன்பதிவு அடையாளமும் இரண்டாகும். விமானம் ரத்தானால் இரண்டு பேர் ஒரு விமானத்திலும் மற்றவர்கள் இன்னொன்றிலும் போக வேண்டி வரலாம். குழந்தையின் டிக்கெட்டைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவே மாட்டேன், எவ்வளவு மிச்சமானாலும்.

திரும்பத் திரும்பத் தேடினால் விலையை ஏற்றிவிடுவார்கள், தேடியதை நினைவில் வைக்காத மறைமுக உலாவியில் (இன்காக்னிட்டோ) தேடுங்கள் என்று நிறையப் பேர் சொல்வார்கள். சாதாரண உலாவி, மறைமுக உலாவி இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், வித்தியாசம் வந்ததில்லை. ஒப்பீட்டுத் தளம் சற்று முன்பு சேமித்த விலையைக் காட்டும். நாம் சொடுக்கியதும் விற்கிற தளம் இந்த நிமிட விலையைச் சொல்லும். நடுவில் பிரிவு தீர்ந்திருந்தால் விலை ஏறித் தெரியும்.

சரி, அந்த முதல் வரிக்கு வருவோம். அதில் தெரியும் தொகை பெரும்பாலும் செக்-இன் லக்கேஜ் சேராத, தேதி மாற்ற முடியாத, ரத்து செய்தால் ஒன்றும் திரும்பாத கட்டணம். சில நிறுவனங்களில் தலைக்கு மேலே வைக்கும் கேபின் பைக்குக்கூடத் தனிக் காசு. எனக்கு வேண்டிய லக்கேஜைச் சேர்த்த பிறகு வரும் தொகையைத்தான் நான் ஒப்பிடுவேன். இப்படிப் பார்க்கும்போது பட்டியலில் மூன்றாவது, நான்காவது இடத்தில் இருக்கும் விமானம் முதலிடத்துக்கு வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பணம் கட்டும் பக்கத்தில் எந்த நாணயத்தில் எடுக்கிறார்கள் என்றும் பாருங்கள். வெளிநாட்டு நாணயம் என்றால் கார்டு நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணம் சேர்க்கக்கூடும்.

இன்னொரு வகை மலிவு, இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒட்டி ஒரே பயணமாகக் காட்டுவது. ‘செல்ஃப் ட்ரான்ஸ்ஃபர்’ என்று ஓரமாகப் போட்டிருப்பார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பு இல்லை. பெட்டியை நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்குக் குடிநுழைவைத் தாண்ட வேண்டியிருந்தால் அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். கேபின் பை மட்டும் இருந்து, நடுவில் ஓர் இரவு இடைவெளியும் இருந்தால் எடுப்பேன். வயதானவர்களுக்கு ஒருபோதும் எடுத்துத் தர மாட்டேன்.

ஏஜென்சித் தளங்களை நான் தள்ளிவைக்கக் காரணம் ரீஃபண்ட். ஒருமுறை விமான நிறுவனமே விமானத்தை ரத்து செய்துவிட்டது. நிறுவனத்தை அழைத்தால், “பணம் ஏஜென்சி வழியாகத்தான் வரும்” என்றார்கள். ஏஜென்சியை அழைத்தால், “நிறுவனத்திலிருந்து இன்னும் வரவில்லை” என்றார்கள். வாரக்கணக்கில் இரண்டு பக்கமும் பேசிய பிறகு, ஏஜென்சி தன் சேவைக் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தது. நேரடியாக வாங்கியிருந்த நண்பர்களுக்கு அதே விமானத்தின் பணம் முன்பே வந்துவிட்டது. சட்டமும் சில இடங்களில் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. அமெரிக்கா சம்பந்தப்பட்ட விமானங்களில், புறப்பாட்டுக்கு 7 நாளாவது முன்பு விமான நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டை, பணம் கட்டாமல் 24 மணி நேரம் நிறுத்திவைக்கவோ, கட்டிய பின் 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ நிறுவனம் இடம் தர வேண்டும். ஏஜென்சிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பல நிறுவனங்களின் விமானங்களைக் கலந்து ஒரே டிக்கெட்டாக எடுக்க வேண்டிய சிக்கலான பயணங்களுக்கு மட்டும் நல்ல ஏஜென்சி இன்றும் தேவைப்படுகிறது.

எங்கே வாங்கினாலும் பணம் கட்டியதும் நான் தேடுவது டிக்கெட் எண்ணை. ஆறு எழுத்து பிஎன்ஆர் வந்துவிட்டால் டிக்கெட் கைக்கு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது முன்பதிவுக்கான அடையாளம்தான். டிக்கெட்டுக்குத் தனியாக 13 இலக்க எண் உண்டு; முதல் மூன்று இலக்கம் எந்த நிறுவனத்தின் டிக்கெட் என்பதைச் சொல்லும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிஎன்ஆரை விமான நிறுவனத்தின் செயலியில் சேர்த்துவிடுவேன். ஏஜென்சி வழியாக வாங்கினால் நேரமாற்ற அறிவிப்புகள் ஏஜென்சியின் மின்னஞ்சலோடு நின்றுவிடுவதுண்டு. செயலியில் சேர்த்திருந்தால் அது நமக்கே தெரிந்துவிடும். 13 இலக்க எண் அன்றைக்குள் வராவிட்டால் மறுநாள் வரை காத்திருப்பதில்லை, உடனே அழைத்துக் கேட்டுவிடுவேன்.