திருநெல்வேலி வண்ணார்பேட்டை ரத்தச் சேகரிப்பு மையம்: எடுக்கும் முறை நன்று, விற்கும் பேக்கேஜ் சரியில்லை

ரத்தம் எடுப்பதிலும் அனுப்புவதிலும் இந்த மையத்தைத் தாராளமாக நம்பலாம். உதாரணத்துக்கு நியூரோஃபிலமென்ட் லைட் சோதனையைப் பாருங்கள்: அது நரம்பிழையின் உள்சட்டத்தில் உள்ள புரதம். இழை சேதமானால் ரத்தத்தில் கசியும். மில்லிலிட்டருக்குச் சில பிக்கோகிராம்தான் இருக்கும். இங்கே ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஊதா மூடி இடிடிஏ குழாயில் கோடு வரை எடுத்து, குலுக்காமல் எட்டுப் பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்துகிறார்கள். உடனே சுழற்றி, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து உறையவைத்து, உலர்பனிப் பெட்டியில் சென்னைக்கு அனுப்புகிறார்கள். மரபணுப் பரிசோதனைக்கான குழாயைச் சுழற்றாமல் தனியே வைப்பதும் சரி.

அம்பை, தென்காசிப் பக்கம் வீட்டுக்கே வந்து எடுத்தால் மையம் திரும்ப மதியமாகிவிடும். நியூரோஃபிலமென்ட் அந்தத் தாமதத்தைத் தாங்கும். மறதி நோயான அல்சைமருக்குப் பார்க்கும் அமிலாய்ட் 42 புரதம் தாங்காது, அளவு இறங்கிவிடும். அதற்கு நேரில் போய்விடுங்கள்.

குறை கவுண்டரில் இருக்கிறது. "பெரியப்பாவுக்குக் கைகால் தானா ஆடுது, எங்களுக்கும் வருமா?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நியூரோஃபிலமென்ட்டைக் குடும்பப் பேக்கேஜாக விற்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இதில் பதில் கிடையாது. அது கைகால் தானாக ஆடும் பரம்பரை நோயான ஹன்டிங்டன் என்றால் பதில் 4ஆம் குரோமோசோமில்: அங்கே சிஏஜி என்ற மரபணு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் எண்ணிக்கை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் வரும், 36 முதல் 39 வரை வரலாம், வராமலும் போகலாம். இளவயதில் நியூரோஃபிலமென்ட் சாதாரணமாக இருப்பதால் மரபணுக் கோளாறு இல்லை என்று ஆகாது. கூடியிருந்தாலும் இந்த நோய்தான் என்று சொல்ல முடியாது. சர்க்கரை நரம்புப் பாதிப்பு, பக்கவாதம், தலைக்காயம், சிறுநீரகக் கோளாறு எல்லாமே ஏற்றிவிடும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் என்ன என்றுகூட இங்கே கேட்பதில்லை. நியூரோஃபிலமென்ட் அளவு வயதோடு ஏறும்; ஆனால் ரிப்போர்ட்டில் எல்லோருக்கும் ஒரே வரம்பு.

நோய்க்குறி இல்லாத சின்னப் பிள்ளைகளையும் இதில் சேர்ப்பது பெரிய தப்பு. பெரியவர்களானபின் வரும், தீர்வில்லாத நோய்க்குப் பிள்ளைகளைச் சோதிக்கவே கூடாது. ஆனால் உடம்பில் செம்பு சேர்ந்துவிடும் பரம்பரை நோயான வில்சன் நோய் இருக்கும் வீட்டில் கூடப்பிறந்தவர்களைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, சீக்கிரம் கண்டால் மருந்தால் காப்பாற்றலாம். அதற்கான செருலோபிளாஸ்மின் (ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம்) சோதனை இந்தப் பேக்கேஜிலேயே இல்லை! டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு பார்க்க வேண்டும். கர்ப்பத்திலும் உடம்பில் அழற்சி இருக்கும்போதும் செருலோபிளாஸ்மின் எண் ஏறி, நோயை மறைத்துவிடும். சொந்தத்தில் கல்யாணம் முடிக்கும் நம்ம பக்கத்துக்கு முதலில் வேண்டியது இதுதான்.

ஆகவே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ வேறெங்கோ நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதும் சீட்டோடு போங்கள்; பேக்கேஜ் வேண்டாம். நோய் உறுதியாகி, போக்கைக் கவனிப்பவர்களுக்கு நியூரோஃபிலமென்ட் நல்ல துணை. ஒவ்வொரு தடவையும் அதே லேபில், பிளாஸ்மாவிலேயே பார்க்கச் சொல்லுங்கள்; ரத்தம் கட்டியபின் பிரியும் சீரத்தில் எண் கூடுதலாக வரும்.