தங்க நிறத்தைப் பார்த்து ‘கோபால்ட்’ டிரில் பிட் வாங்காதீர்கள்

வீட்டில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்து, பிட்டுக்குத் தாங்களே சாணை போட்டுக்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு டூல்ஸ் கடையில் ‘எம்35 கோபால்ட்’ என்று அச்சிட்ட தகரப் பெட்டி ஒன்றை ரூ.1,800 கொடுத்து வாங்கினேன். 1.5 மி.மீ. முதல் 6.5 மி.மீ. வரை 13 பிட். உள்ளே இருந்தது கோபால்டும் இல்லை, சாதாரண ஹைஸ்பீடு ஸ்டீல் (எச்.எஸ்.எஸ்.) கூட இல்லை. கார்பன் ஸ்டீலுக்குத் தங்க நிறம் பூசி விற்கிறார்கள்.

எம்35 என்பது பூச்சு அல்ல. ஹைஸ்பீடு ஸ்டீலை உருக்கும்போதே சுமார் 5 சதவீதம் கோபால்ட் சேர்த்துச் செய்வது. அதனால் எத்தனை முறை சாணை போட்டாலும் உள்ளே அதே உலோகம்தான் இருக்கும். பூசிய பிட்டில் முதல் சாணையிலேயே முனைப் பூச்சு போய்விடும்; அப்புறம் அடியில் என்ன இருக்கிறதோ அதுதான் வெட்டியாக வேண்டும்.

3 மி.மீ. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் 6 மி.மீ. துளை போட்டேன். சின்ன பிட்டால் வழித்துளை, கட்டிங் ஆயில், நிமிடத்துக்கு 600 சுற்றுக்குள் வேகம், விடாத அழுத்தம் என்று எல்லாம் முறையாகத்தான். பாதி ஆழத்தில் சுருள் வருவது நின்று கீச்சென்று சத்தம். எடுத்துப் பார்த்தால் முனை நீலம் பாய்ந்திருந்தது. 300 டிகிரி வாக்கில் கார்பன் ஸ்டீல் அந்த நிறத்துக்கு வரும், அதற்குள் கடினமும் போய்விடும். நல்ல எச்.எஸ்.எஸ். 600 டிகிரி வரை தாங்கும்.

சந்தேகத்தில் பெஞ்ச் கிரைண்டரில் பிடித்தேன். வெள்ளை மஞ்சளாக நீண்ட பொறி, நுனியில் பூவாக வெடித்துச் சிதறியது. பக்கத்திலேயே என் பழைய எச்.எஸ்.எஸ். பிட்டைப் பிடித்தால் மங்கிய சிவப்பில் குட்டையான பொறி, வெடிப்பே இல்லை. கார்பன் ஸ்டீலுக்கும் எச்.எஸ்.எஸ்.ஸுக்கும் உள்ள வித்தியாசம் இதில் கண்ணுக்கே தெரியும். வேறு பிட்டுகளையும் பார்த்தேன், எல்லாம் ஒரே ரகம்.

பெட்டியோடு கடைக்குப் போனேன். “சாணை போட்டுட்டீங்களே சார், இனி கம்பெனி எடுக்காது” என்றார் கடைக்காரர். கோபமாக வந்தது. சாணை போட்டால்தானே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது! பொறி வந்ததை வீடியோவில் காட்டினேன், பார்க்கவே மறுத்துவிட்டார்.

கிரைண்டர் இல்லாமலே கடையில் பார்க்க ஒரு வழி உண்டு. எம்35 பிட்டுகள் பெரும்பாலும் 135 டிகிரி முனையோடு, நடுவில் இரண்டு வெட்டு போட்டு ‘ஸ்ப்ளிட் பாயிண்ட்’டாக வரும். என் பெட்டியிலும் அப்படித்தான் போட்டிருந்தது. உள்ளே இருந்தவற்றின் மூக்கில் குறுக்குக் கோடு அப்படியே நீளமாக இருந்தது, வெட்டே இல்லை. பெட்டி சொல்வதும் முனையும் ஒத்துப்போகவில்லை என்றால் வாங்காதீர்கள். ஷாங்கில், அதாவது மெஷினில் மாட்டும் தண்டுப் பகுதியில், ‘எச்.எஸ்.எஸ். கோ’ (‘கோ’ என்றால் கோபால்ட்) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைப் போலியாகவும் அடிக்கலாம். இவர்கள் அதைக்கூட அடிக்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். என் பில்லில் ‘டிரில் செட் 1’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், கடைக்காரருக்கு அது வசதியாகிவிட்டது. நீங்கள் வாங்கும்போது ‘எம்35’ என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் பணத்தை எடுக்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.